தூக்கிவிடுவது உரிமை ஆகாது

புராதனக் கோயில்களில் மாற்றுத்திறனாளிகளுக்குச் சாய்தளம் கூடாது என்று வாதாடும் நண்பர் மூன்று காரணங்களை அடுக்குகிறார். பழமை கெடும், வருகிறவர்கள் சொற்பம், தூக்கிவிட ஆள் இருக்கிறது. முதல் இரண்டும் தவறு. மூன்றாவது கொடுமை.

பழமையை எடுத்துக்கொள்வோம். கல் மண்டபத்துக்குள் கட்டண தரிசன வரிசைக்கு எவர்சில்வர் தடுப்பு நட்டிருக்கிறோம். தூணோடு தூணாக ஒயர் இழுத்து, சிற்பத்தின் தலைக்கு மேல் டியூப்லைட் மாட்டியிருக்கிறோம். பழனியில் ஏற முடியாதவர்களுக்காக 1966 முதல் விஞ்ச் ஓடுகிறது. 2004இல் ரோப் காரும் வந்தது. முருகன் பெருமை எதிலும் குறையவில்லை. இத்தனைக்கும் இடம் கொடுத்த பழமை, ஒரு சக்கர நாற்காலி நுழைந்தால் மட்டும் கெட்டுவிடுமா?

சாய்தளம் என்றால் கல்லை உடைப்பது என்று நண்பர் பயமுறுத்துகிறார். கழற்றி எடுக்கக்கூடிய மரச் சாய்தளத்தை நிலைப்படியின் இரு பக்கமும் வைக்கலாம். ஓர் ஆணிகூட அடிக்க வேண்டாம். ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம், அவ்வளவுதான் கணக்கு. ஏதென்ஸில் அக்ரோபோலிஸ் குன்றின் சரிவிலேயே 2020இல் புதிய லிஃப்ட் அமைத்தார்கள். அதன் உச்சியில் நிற்கும் பழங்காலப் பார்த்தெனான் கோயிலுக்கு ஒன்றும் ஆகவில்லை.

வருகிறவர்கள் சொற்பமாம். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மட்டும் 11.79 லட்சம் மாற்றுத்திறனாளிகள். வாசலில் படியை வைத்து மறித்துவிட்டு, அவர்கள் வரவில்லை என்பதையே சாட்சியாகக் காட்டுவது அநியாயம்.

தூக்கிவிடுவது எப்படி நடக்கிறது என்பதை அருகில் நின்று பார்த்திருக்கிறேன். முன்பின் தெரியாத நான்கு பேர் ஒரு பெண்ணை அக்குளிலும் முழங்காலிலும் பிடித்துத் தூக்கினார்கள். விலகிய சேலையைச் சரிசெய்ய அவர் கை எட்டவில்லை. இறக்கிவிட்ட பிறகும் அவர் தலை நிமிரவில்லை. சாமி கும்பிட வந்தவருக்கு இந்த அவமானத்தைக் கட்டணமாக விதிக்க நண்பருக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

சட்டம் கொடுக்கவில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பொதுமக்கள் புழங்கும் கட்டடங்களில் வழிபாட்டு இடங்களையும் சேர்த்தே சொல்கிறது. ஏற்கெனவே உள்ள கட்டடங்களுக்கு அது கொடுத்த ஐந்தாண்டுக் கெடு 2022இலேயே முடிந்துவிட்டது. அணுகல் தரங்களை வெறும் பரிந்துரையாக வைத்திருந்த விதி செல்லாது என்று 2024 நவம்பரில், ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்துவிட்டது.

ஆகவே, வேண்டுமா வேண்டாமா என்ற வாதத்துக்கு இனி இடமில்லை. எந்த வாசலில், என்ன அளவில், எந்தத் தேதிக்குள் என்பதை மட்டும் பேசுவோம்.