பிழையைத் தமிழில் சொன்னால் என்ன?

கைப்பேசியும் கையுமாக இருக்கும் பிள்ளை படிக்கவில்லை என்பதுதான் எங்கள் வீட்டின் முடிவு. உயர்தரத்துக்குத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் எடுத்த பிறகும் உம்மாவின் சந்தேகம் தீரவில்லை. ஒருநாள் வாப்பாவைப் பக்கத்தில் இருத்தி, 7 ஆம் வாய்ப்பாட்டை அச்சிடும் இரண்டு வரிகளைப் பைதனில் எழுதி, உலாவியிலேயே இயக்கிக் காட்டினேன். "இதுக்கு கம்பியூட்டர் வேணாமா மகள்?" என்றார். வேண்டாம். பெற்றோர் இதை அறிய வேண்டும் என்றே எழுதுகிறேன்.

இத்தகைய பயிற்சிப் பக்கங்களில் பாடமும் எழுதிப் பார்க்கும் இடமும் ஒன்றாகவே இருக்கும். ஸ்கல்ப்ட், பயோடைட் போன்ற மென்பொருள்கள் பைதனை உலாவிக்குள்ளேயே இயக்குகின்றன. பக்கம் ஒருமுறை இறங்கிவிட்டால், ஒவ்வொரு தடவையும் நிரலைத் தூரத்துக் கணினிக்கு அனுப்பத் தேவையில்லை. மடுல்சீமை, நமுனுகுலைத் தோட்டங்களில், மழையோடு சிக்னலும் போகும் லயங்களில் படிக்கும் தோழிகளுக்கு இது சிறிய விடயமா? பைதன் டியூட்டர் என்பது நிரல் வரிவரியாக ஓடும்போது மாறிகளின் பெறுமானம் மாறுவதைப் படமாகவே காட்டும். கரும்பலகையில் எனக்குப் பிடிபடாத லூப் அதில்தான் பிடிபட்டது.

குறையும் உண்டு. விடையைக் காட்டும் பொத்தான் இருந்தால் விரல் அங்கேதான் போகிறது. (என் விரலும்தான்.) பரீட்சையிலோ தாளில் எழுத வேண்டும். ஆகவே முதலில் கொப்பியில் எழுதி, பிறகே இயக்கிப் பார்க்கிறேன்.

பெரிய தடை வேறு. ஒரு அடைப்புக்குறி விடுபட்டால் சிவப்பில் ஆங்கில வாக்கியம் வருகிறது. தமிழ்மொழி மூலம் படிக்கும் பிள்ளை அதை வாசிக்க முடியாமல், தனக்குக் கணினியே வராது என்று முடிவெடுத்து, பாடத்தை மாற்றிக்கொள்கிறாள். அப்படி ஒருத்தியை எனக்குத் தெரியும்.

முத்து அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' தமிழிலேயே நிரல் எழுதும் மொழி. அதைப் பற்றிய அவரது கட்டுரை 2009 இல் வெளிவந்தது. அதில் 'பதிப்பி' என்றால் அச்சிடும். தரம் 6 தங்கைமாருக்கு நல்ல தொடக்கம். ஆனால் எங்கள் பாடத்திட்டம் பைதன். அதன் ஒதுக்கப்பட்ட சொற்கள் 35 தான், பாடமாக்கிவிடலாம். எங்களுக்குத் தமிழில் வேண்டியவை விளக்கமும் பிழைச் செய்தியும். பல்கலைக்கழகம் சென்ற எங்கள் தாத்தாமார் விடுமுறையில் ஊருக்கு வரும்போது இதைச் செய்து தரக்கூடாதா?

என் கொப்பியில் இதுவரை 14 பிழைச் செய்திகளுக்குத் தமிழ் விளக்கம் இருக்கிறது. வேண்டியவர்கள் இடைவேளையில் வந்து பார்த்து எழுதிக்கொள்ளலாம்.