ஆலைக்கு முன் ஒரு கேள்வி

மீளக் குடியமர்ந்த எமது கிராமங்களில் சங்கம் கூடினால் முதலில் எழும் பேச்சு, "ஆலை வேண்டும்" என்பதே. யாருடைய நெல்லை, எப்போது வாங்கப் போகிறோம் என்று கேட்பாரில்லை.

குஜராத்தின் ஆனந்தைப் பாருங்கள். 1946இல் தொடங்கிய கெய்ரா மாவட்டப் பால் உற்பத்தியாளர் சங்கத்தின் நோக்கம், அங்கத்தவரின் பாலை முழுவதும் ஏற்பது. குளிர்காலத்தில் எருமைகள் கூடுதலாகக் கறக்கும். பம்பாய்க்கோ அவ்வளவும் தேவைப்படவில்லை. ஆகவே 1955இல் எருமைப்பாலில் பால்மா செய்யும் ஆலையைத் திறந்தார்கள். (அது முடியாத காரியம் என்று வெளிநாட்டு நிபுணர்கள் சாதித்திருந்தார்கள்!) நோக்கம் முந்தியது, இயந்திரம் பிந்தியது.

கட்டுக்கரைக் குளத்தின் கீழ் எமக்கும் இதே சிக்கல்தான். காலபோக அறுவடை சில வாரங்களுக்குள் வந்து குவியும். கடன் தந்த வியாபாரிக்கு ஈரநெல்லை வயலிலேயே அளந்து கொடுக்கிறோம். இதிலிருந்து அங்கத்தவரை மீட்பதே நோக்கமானால், முதற் செலவு உலர்த்தும் தளமும் களஞ்சியமும் கைமுதலும்தான். ஈரப்பதம் 14 சதவீதத்துக்கு இறங்கினால்தான் நெல் மாதக்கணக்கில் பழுதின்றிக் கிடக்கும். அறுவடை நாட்களில் இரவிலும் மூடை நிறுக்க ஆள் வேண்டும். மற்ற மாதங்களில் இருவர் போதும்.

கொழும்புச் சந்தைக்கு அரிசி அனுப்புவதே நோக்கமென்றால் பெரிய ஆலை சரி. ஆனால் அது ஆண்டு முழுவதும் ஓடவேண்டும், வெளிநெல்லும் வாங்கவேண்டும். அப்போது ஏழை அங்கத்தவரின் நாலு மூடை ஈரநெல் சங்கத்துக்கே தொல்லையாகிவிடும்.

நான் முதலாவதன் பக்கம். மாடும் உழவு இயந்திரமும் இழந்து திரும்பிய குடும்பத்துக்கு அடுத்த விதைப்புக் கடனே முன்னால் நிற்கிறது. ஆலையின் விலைப்பட்டியலை வாசிக்குமுன், சென்ற காலபோகத்தில் யார் எத்தனை மூடையை ஈரத்தோடு விற்றார்கள் என்று எழுதிக்கொண்டு வாருங்கள்.