சயாம் மரண ரயில் பாதையில் மாண்ட தொழிலாளர்களின் பெயர்களை மீட்டுத் தரக் கோரும் மனு

அனுப்புநர்:
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்,
ஊர்ப் பொதுமக்கள் சங்கம்,
காவாந்தண்டலம், உத்திரமேரூர் வட்டம்,
காஞ்சிபுரம் மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், காஞ்சிபுரம்.

பொருள்: இரண்டாம் உலகப் போரின்போது சயாம்–பர்மா ரயில் பாதையில் கட்டாய வேலை வாங்கப்பட்டு இறந்த தமிழ்த் தொழிலாளர்களின் பெயர்களைத் திரட்டவும், நினைவுக்கல் நிறுவவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

பழைய செங்கற்பட்டு ஜில்லா, மலாயா ரப்பர் தோட்டங்களுக்கு ஆள் போன ஜில்லாக்களில் ஒன்று. தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணி உரிமச் சீட்டோடு ஊருக்கு வருவார். ஆளை அழைத்துப் போக கிராம முன்சீப்பின் கையெழுத்து வேண்டும். ஆவடி முகாமில் பதிவு, அம்மை ஊசி, பிறகு கப்பல், பினாங்கு. 1938-இல் இந்திய அரசு தடை விதிக்கும்வரை இது நடந்தது. ஒவ்வொரு படியிலும் ஒரு காகிதம் எழுதப்பட்டது என்பதைத் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருகிறோம்.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமானது. ரப்பர் ஏற்றுமதி நின்றது. தோட்டங்களில் வேலையும் இல்லை, அரிசியும் இல்லை. அந்த நிலையில்தான் நல்ல கூலி, சில மாத வேலை என்று ஆசைகாட்டியும், பிறகு பலவந்தமாகவும் இந்த ரயில் பாதை வேலைக்கு ஜப்பானியர் ஆட்களைத் திரட்டினார்கள். மூடிய சரக்கு வண்டிகளில் சயாமின் (இன்றைய தாய்லாந்தின்) பான்போங்வரை கொண்டுபோய், அங்கிருந்து காட்டுவழியே நடத்தினார்கள். பர்மாவின் தன்பியூசாயத்வரை 415 கிலோமீட்டர் பாதை. 1943 அக்டோபர் 17 அன்று இரு முனைகளும் இணைக்கப்பட்டன.

அந்த ஆண்டின் மழைக்காலத்தில் காலரா முகாம் முகாமாகப் பரவியது. அதே பாதையில் வேலை வாங்கப்பட்ட போர்க்கைதிகளுக்குச் சொந்த மருத்துவர்களும் அதிகாரிகளும் இருந்தார்கள். யார் இறந்தார், எங்கே புதைத்தோம் என்று ஒளித்தாவது எழுதிவைத்தார்கள். தோட்டத் தொழிலாளர்களுக்கு அப்படி எழுத ஆள் இல்லை. ஒரே பாதையில் இறந்தவர்களில் ஒரு சாராருக்குக் கல்லறையும் இன்னொரு சாராருக்குக் காடும் கிடைத்ததற்கு இதுவே காரணம்.

போர்க்கைதிகளில் இறந்தவர்கள் சுமார் 12,000 பேர். தமிழர், பர்மியர், மலாய்க்காரர், ஜாவானியர் முதலான ஆசியத் தொழிலாளர்களில் இறந்தவர்கள் ஏறத்தாழ 90,000 பேர் என்பது பரவலாக ஏற்கப்பட்ட மதிப்பீடு. தாய்லாந்தின் காஞ்சனபுரி போர்க் கல்லறையில் ஏறத்தாழ 7,000 வீரர்கள் பராமரிக்கப்படும் தோட்டத்தில் துயில்கிறார்கள். அந்த மரியாதை அவர்களுக்கு உரியதே. அதே நகரம் இன்று அந்த ரயில் பாதையின் பாலத்தைப் பார்க்க வரும் சுற்றுலாப் பயணிகளால் நிறைந்திருக்கிறது. தொழிலாளர் கொட்டகைகள் இருந்த சுவடே இல்லை. மேற்கே முகாம்கள் சில 1980-களில் கட்டிய காவோ லேம் அணையின் நீருக்குள் போய்விட்டன. 1957-இல் வந்து உலகப் புகழ் பெற்ற ஆங்கிலத் திரைப்படமும் போர்க்கைதிகளின் கதையையே சொன்னது.

தமிழர்கள் வாளாவிருக்கவில்லை. மலேசிய எழுத்தாளர்கள் ஆர். சண்முகம் ‘சயாம் மரண ரயில்’ நாவலையும், அ. ரெங்கசாமி ‘நினைவுச் சின்னம்’ நாவலையும் எழுதினார்கள். தமிழ்நாடு அரசின் நிதியுதவியோடு 2023-இல் காஞ்சனபுரியில் நடுகல் நடப்பட்டது. அரசுக்கு எங்கள் நன்றி. ஆனால் நடுகல் என்றால் அதில் மாண்டவரின் பேரும் ஊரும் இருக்க வேண்டும் என்பது நம் மரபு. அந்தப் பேரும் ஊரும் அவர்கள் புறப்பட்ட இடத்தில்தான் கிடைக்கும். ஊர்ச் சபைக்கு யார் தகுதியானவர் என்பதை முதலாம் பராந்தகன் காலத்திலேயே கல்லில் வெட்டிவைத்த உத்திரமேரூர் வட்டத்தார் என்ற உரிமையில் கீழ்க்காணும் கோரிக்கைகளை முன்வைக்கிறோம்.

1. மலாயாவுக்குச் சென்றோர் குறித்த குடிபெயர்வுப் பதிவுகளைத் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும் பழைய வருவாய்த் துறைக் கோப்புகளிலும் தேடி, ஊர்வாரியான பட்டியலாக வெளியிட வேண்டும்.

2. உத்திரமேரூர் வட்டாட்சியர் அலுவலகத்தில் சிறப்பு முகாம் நடத்தி, குடும்பங்களிடம் உள்ள கடிதங்கள், பணவிடைத் துண்டுகள், புகைப்படங்களை அங்கேயே நகலெடுத்து, மூலத்தை உடனே திருப்பித் தர வேண்டும். முதியோர் வாய்மொழியை ஒலிப்பதிவு செய்ய வேண்டும். இதைத் தள்ளிப்போட நேரமில்லை.

3. உத்திரமேரூரில் பொது நினைவுக்கல் நிறுவி, உறுதியாகும் பெயர்களை ஊர்ப் பெயரோடு பொறிக்க வேண்டும். பின்னர் கிடைக்கும் பெயர்களுக்கும் அதில் இடம் விட வேண்டும்.

4. ஆவடி இன்று மாநகராட்சி. அங்கே குடிபெயர்வோர் முகாம் இருந்த இடத்தை அடையாளம் கண்டு தகவல் பலகை வைக்க, உரிய துறைக்குப் பரிந்துரைக்க வேண்டும்.

5. தாய்லாந்தில் தொழிலாளர் முகாம்களும் புதைகுழிகளும் இருந்த இடங்களில் தமிழிலும் அறிவிப்புப் பலகை வைக்க, மாநில அரசு வழியாக ஒன்றிய வெளியுறவு அமைச்சகத்தை வலியுறுத்த வேண்டும்.

6. மேற்கண்ட இரு நாவல்களையும் மாவட்டத்தின் கிளை நூலகங்களுக்கு வாங்கித் தர வேண்டும். மே 1 கிராம சபைக் கூட்டங்களிலும், ஜனவரி 12 அயலகத் தமிழர் தினத்திலும் இத்தொழிலாளர்களுக்கு அஞ்சலி செலுத்த ஆணையிட வேண்டும்.

நாங்கள் இழப்பீடு கேட்கவில்லை. கங்காணியின் கணக்கில் தலைக்கு இவ்வளவு என்றும், ஜப்பானியர் கணக்கில் கூலிகள் என்றும் எண்ணப்பட்டவர்களைப் பெயர் சொல்லி அழைக்க வேண்டும் என்றே கேட்கிறோம். முதல் இரண்டு கோரிக்கைகளுக்குப் பெரிய நிதி ஒதுக்கீடு தேவையில்லை. தங்கள் ஓர் உத்தரவு போதும். வீடு வீடாகச் சென்று விவரம் திரட்டும் வேலையை எங்கள் சங்கம் ஏற்றுக்கொள்ளும். ஆகவே, இம்மனுவைக் கனிவுடன் பரிசீலித்து, பட்டியல் தயாரிக்கும் பணியை இந்த ஆண்டிலேயே தொடங்க ஆவன செய்யுமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்,
ஊர்ப் பொதுமக்கள் சங்கம், காவாந்தண்டலம்.

நகல்:
1. ஆணையர், அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வுத் துறை, சென்னை.
2. ஆணையர், தமிழ்நாடு ஆவணக் காப்பகம், எழும்பூர், சென்னை.
3. வட்டாட்சியர், உத்திரமேரூர்.