சந்திரன் என்கிற சோம்பேறி உவமை

லான்சரோட்டே தீவுக்கு விடுமுறை போகத் திட்டம் போடுகிறவன் எந்தக் கையேட்டைப் புரட்டினாலும் சந்திரன் வந்துவிடுகிறது. கறுத்த லாவா, சிவந்த கூம்புகள், மரம் இல்லை, ஆகவே சந்திரமண்டலம். அடுத்த வரியில் ஹோட்டல் வாடகை. நமக்கு இந்தப் பெயர் காதில் விழுந்தது ஸரமாகோவால். 1993லிருந்து 2010ல் சாகும்வரை அங்கே வாழ்ந்தார், அவர் வீடும் இப்போது சீட்டு வாங்கிப் பார்க்கிற இடம். இது சுற்றுலாக்காரர்கள் விவகாரம், நம் பத்திரிகைக்கு இதில் என்ன ஜோலி என்று கேட்கலாம். உவமையை வைத்து எவன் பிழைப்பு நடத்தினாலும் அங்கே விமர்சகனுக்கு ஜோலி உண்டு. அதிலும் இதே சந்திரனைப் பயணக் கட்டுரைக்காரர்களும், அவர்களைப் பார்த்துக் கவிஞர்களும் கூசாமல் எடுத்து ஒட்டிக்கொள்கிறபோது.

ஆப்பிரிக்கக் கரையிலிருந்து சுமார் 130 கிலோமீட்டரில், ஸ்பெயினின் கனேரித் தீவுகளில் ஒன்று இது. 1730 செப்டம்பர் 1 இரவு, 9 மணிக்கும் 10 மணிக்கும் இடையில், டிமான்ஃபாயா என்கிற ஊருக்குப் பக்கத்தில் பூமி பிளந்தது. 1736 ஏப்ரல் வரை விட்டுவிட்டுக் கக்கியதில் தீவின் கால்வாசி, நல்ல விளைநிலம், ஊர் ஊராக உள்ளே போயிற்று. யாய்ஸா ஊர்ப் பாதிரியார் ஆந்த்ரேஸ் லொரென்ஸோ குர்பேலோ இதைக் குறித்து வைத்தார். மூலப் பிரதி தொலைந்துவிட்டது. ஜெர்மன் நிலவியலாளர் லியோபோல்ட் ஃபான் புக் எடுத்தாண்டதால் விஷயம் தப்பியது. அதில் தேதி இருக்கிறது, மணி இருக்கிறது, அழிந்த ஊர்களின் பெயர் இருக்கிறது, நச்சு ஆவியில் மூச்சடைத்து விழுந்த மாடுகள் இருக்கின்றன. உவமையும் இருக்கிறது. லாவா ஓடிய வேகத்துக்கு முதலில் தண்ணீர். வேகம் தளர்ந்தபின் தேன். இரண்டும் வீட்டில் புழங்குகிற பொருட்கள். வீட்டை நோக்கி வருவது எவ்வளவு வேகத்தில் வருகிறது என்று அவற்றை வைத்து அளக்கிறார் மனிதர். 1731 கடைசியில் நம்பிக்கை அற்றுப்போய்த் தன் சபையாருடன் கிரான் கனேரியாவுக்குப் போய்ச் சேர்ந்தார்.

சந்திரன் எதையும் அளப்பதில்லை. அங்கே ஆள் இல்லை என்பதைத் தவிர அந்த உவமைக்கு வேறு அர்த்தமே கிடையாது. முதலில் இடத்தைக் காலி செய்கிறது, பிறகு வாடகைக்கு விடுகிறது. புதைந்துபோன ஊரின் பெயர் 1974 முதல் ஒரு தேசியப் பூங்காவின் பெயர். பஸ்ஸில் ஏற்றிச் சுற்றிக் காட்டுவார்கள். நடுவில் இறங்க முடியாது. மேட்டில் ஒரு உணவு விடுதி, பூமியின் சூட்டிலேயே கோழி வேகிறது. விடுதியை அமைத்த சேசர் மான்ரிகே (1919–1992) மேல் எனக்கு மரியாதை உண்டு. அடுக்குமாடி ஹோட்டல்கள் தீவை விழுங்காமல் தடுக்கப் போராடிய ஓவியர் அவர். அவர் மட்டும் இல்லாவிட்டால் இன்று கையேடு போற்றுகிற அந்த வெறுமைகூட மிஞ்சியிருக்காது. ஆனாலும் அந்தக் கோழி வெறும் வேடிக்கைதான்.

ஐரோப்பிய விண்வெளி நிறுவனமே தன் வீரர்களை இங்கே பயிற்சிக்கு அனுப்புகிறதே என்பார்கள். அனுப்புகிறது. அவர்கள் அங்கே கற்பது நிலவியல்: ஒரு கல்லைப் பார்த்து அது எப்படி உண்டாயிற்று என்று சொல்ல. சந்திரனுக்குப் போகப் பழகுகிறவன் பூமியைக் கூர்ந்து பார்க்கிறான்; பூமிக்குப் போகிற நம் ஆள் சந்திரனைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறான்.

நதி கிடையாது. வருஷத்துக்குச் சுமார் 150 மில்லிமீட்டர் மழை. குடிப்பது உப்பு நீக்கிய கடல்நீர். ஜனங்கள் ஒன்றரை லட்சம் சொச்சம், ஆண்டுக்கு வந்துபோகிறவர்கள் சுமார் 30 லட்சம். 2024 ஏப்ரல் 20 அன்று கனேரித் தீவுகள் எங்கும், இங்கேயும், இதற்கு ஒரு எல்லை வேண்டும் என்று ஜனங்கள் தெருவில் இறங்கினார்கள். குடிதண்ணீரும் குடியிருக்க வீடும் கேட்கிறவர்களுக்குச் சந்திரமண்டலத்தில் இடமேது?

லா ஹேரியா பக்கம் விவசாயிகள் செய்ததைச் சொல்ல வேண்டும். எரிமலைச் சாம்பலைத் தோண்டி, அடியில் புதைந்த பழைய மண்ணை எட்டும்வரை இறங்கி, அந்தக் குழியில் ஒரு திராட்சைக் கொடியை நட்டார்கள். காற்றுக்கு அரைவட்டமாகக் கல்சுவர். இரவு ஈரத்தைச் சாம்பல் பிடித்து வைத்துக்கொள்ளும், பகலில் ஆவியாக விடாது. இப்படி ஆயிரக்கணக்கில் குழிகள். மேலிருந்து படம் எடுத்து, இதையும் சந்திரனின் பள்ளங்கள் என்கிறான்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. திட்டம் போடுகிறவன் குளிருக்குத் தப்பி, 20 டிகிரி வெயிலுக்காக ஜனவரியில் வருகிறான். ஜனவரியில் கொடிகள் இலை உதிர்த்துக் கவாத்துக்கு நிற்கும். கறுப்புக் குழி, நடுவில் ஒரு கட்டை. உவமை சரியாக இருக்கிறதே என்று அவனுக்குத் திருப்தி. ஜூலையில் அதே குழிகளில் பச்சை நிரம்பி வழியும். மாதக் கடைசியில் அறுவடை தொடங்கிவிடும். குழிக்குள் இயந்திரம் இறங்காது என்பதால் எல்லாம் கையால், குனிந்து.