ஆளில்லாத ஊர்தான் நல்ல லொக்கேஷனா?

படம் முடிஞ்ச கையோட போனை எடுத்து "இது எங்க எடுத்தது?" எண்டு தேடுற வியாதி எங்கட செட்டில் எல்லாருக்கும் இருக்கிறது. 'பிராட்சேர்ச்' தொடரின் முதல் சீசனை ஹொஸ்டலில் ஒரே லப்டொப்பைச் சுற்றி இருந்து இரண்டு இரவில் பார்த்து முடித்தபோதும் அதுதான் நடந்தது. கொலைகாரன் ஆரெண்டு தெரிஞ்ச அதிர்ச்சி அடங்க முதலே ஒருத்தி தேடத் தொடங்கிவிட்டாள். சிறுவனின் உடல் கிடந்த கடற்கரை, அதற்கு மேலே தேன் நிறத்தில் செங்குத்தாக நிற்கிற அந்தப் பாறைச் சுவர், எல்லாம் இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள டோர்செற் கவுண்டியில், வெஸ்ட் பே என்ற சின்னத் துறைமுகத்தில் இருக்கின்றன.

அங்கிருந்து தொடங்கியது. பிறகு இரண்டு மூன்று மாதமாக டோர்செற்றில் எடுத்த படங்களைத் தேடித் தேடிப் பார்த்தோம். ஆங்கில இலக்கியம் படிக்கிற நண்பர்கள் ஹார்டியை இழுத்து வந்தார்கள், வரலாறு படிக்கிறவர்கள் சண்டைக்கு வந்தார்கள். அந்தச் சண்டையில் இருந்துதான் இந்தக் கட்டுரை.

டோர்செற்றில் இன்றைக்கும் ஒரு மோட்டர்வே கூட இல்லை. கல் வீடுகள், பள்ளத்தாக்குகள், புல்வெளி, 2001இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்த கடற்கரை. பழைய காலப் படம் எடுக்க வாறவர்களுக்கு வேறென்ன வேணும்? மின்கம்பியை மறைத்து, வீதியில் கொஞ்சம் மண்ணைக் கொட்டினால் பத்தொன்பதாம் நூற்றாண்டு ரெடி. இணையத்தில் "இங்கே எடுக்கப்பட்டது" எண்டு வாற பட்டியல்கள் எல்லாம் இதைத்தான் சொல்லுகின்றன: இந்த ஊர் மாறவே இல்லை, காலம் அப்படியே நின்றுவிட்டது. எங்களுக்கு இந்த வசனத்தில்தான் பிரச்சினை. காலம் எந்த ஊரிலும் தானாக நிற்காது. நின்றிருந்தால் யாரோ நிறுத்தியிருக்க வேண்டும், அல்லது அங்கே மாற்றுவதற்கு ஆள் இல்லாமல் போயிருக்க வேண்டும்.

முதலில் லேசான உதாரணம் ஒன்று. ஷாஃப்ட்ஸ்பரி நகரில் கோல்ட் ஹில் என்ற செங்குத்தான கல் பதித்த வீதி இருக்கிறது. 1973இல் ஹோவிஸ் பாண் விளம்பரத்துக்காக ஒரு சிறுவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இந்த வீதியில் ஏறினான். பின்னால் துவோர்ஷாக்கின் சிம்பொனி பித்தளை வாத்தியங்களில் ஒலிக்கும். இயக்கியவர் ரிட்லி ஸ்கொட், 'ஏலியன்' எடுக்க முதல். பிரித்தானியர்களுக்கு மிகவும் பிடித்த விளம்பரங்களில் அது ஒன்று. வேடிக்கை என்னவென்றால், அந்த வீதி வடக்கு இங்கிலாந்தில், யோர்க்ஷயர் பக்கம் எங்கேயோ இருக்கிறதென்று நினைத்துக்கொண்டிருந்தவர்கள் ஏராளம். ஓர் ஊருக்குக் கிடைத்த உலகப் புகழ் வேறொரு பிரதேசத்தின் கணக்கில் போய்ச் சேர்ந்துவிட்டது! வெஸ்ட் பேயிலும் இதே கதைதான். 'பிராட்சேர்ச்' தேவாலயத்தைப் பார்க்க வேண்டுமென்றால் டோர்செற்றை விட்டே வெளியேற வேண்டும். அது சமர்செற்றில் கிளீவ்டன் என்ற வேறு ஊரில் இருக்கிறது. அங்கே கொஞ்சம் இங்கே கொஞ்சம் வெட்டி ஒட்டினால்தான் தொடரில் வாற ஊர் வரும்.

இதில் எங்களுக்குக் கோபம் ஒன்றுமில்லை. சினிமா அப்படித்தான். கோபம் வந்த இடம் வேறு.

ஹார்டிக்கு வருவோம். தோமஸ் ஹார்டி 1840இல் டோர்செற்றில் பிறந்தவர். தன் ஊர்களுக்கெல்லாம் வேறு பெயர் வைத்து 'வெசெக்ஸ்' என்ற கற்பனைப் பிரதேசத்தை உண்டாக்கினார். டோர்செஸ்டர் அவருடைய நாவலில் காஸ்டர்பிரிட்ஜ். 'ஃபார் ஃப்ரம் த மாடிங் க்ரவுட்' நாவலை 1967இல் ஜோன் ஷ்லெசிங்கரும் 2015இல் தோமஸ் வின்டர்பேர்க்கும் படமாக்கினார்கள், இரண்டையும் பெரும்பாலும் அந்த மண்ணிலேயே. 1967 படத்தில் செம்மறி ஆடுகள் மலை விளிம்பிலிருந்து விழுந்து சாகிற காட்சியை இன்றைக்கும் சும்மா பார்க்க ஏலாது. ஒரு மனிதனின் வாழ்நாள் உழைப்பு ஒரே காலையில் முடிந்துபோகிறது, அவன் கூலியாள் ஆகிறான். 2015 படமோ, எங்கட அபிப்பிராயத்தில், அழகு கூடிப்போன படம். வயலில் வேலை செய்யிறவர்களும் அப்பத்தான் முழுகிவிட்டு வந்த மாதிரி இருக்கிறார்கள். சூரிய ஒளிக்குக் கொடுத்த இடத்தைக் கூலிக்குக் கொடுக்கவில்லை.

இன்னொரு விசயம் எங்களைக் கனநேரம் விவாதிக்க வைத்தது. ஹார்டியின் 'டெஸ்' நாவலை ரோமன் போலன்ஸ்கி 1979இல் எடுத்தார். அந்தப் படத்தில் ஒரு அடி டோர்செற் மண் கூட இல்லை. முழுக்கப் பிரான்ஸில் எடுத்தது, கடைசியில் வாற ஸ்டோன்ஹெஞ்ச் கூட அங்கே கட்டிய செட்டுத்தான். காரணம் கலை இல்லை. பதின்மூன்று வயதுச் சிறுமியோடு பாலுறவு கொண்ட வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டு, தண்டனைக்கு முதல் 1978இல் அமெரிக்காவை விட்டு ஓடியவர் போலன்ஸ்கி. பிரித்தானியாவில் கால் வைத்தால் பிடித்து அனுப்பிவிடுவார்கள் என்ற பயம். பணக்காரன் ஒருத்தனால் சீரழிக்கப்பட்ட ஏழைப் பெண்ணின் கதையை எடுக்கிறவர் எந்தக் காரணத்தால் அந்தப் பெண்ணின் ஊருக்குப் போக முடியவில்லை என்று யோசித்துப் பாருங்கோ. அந்தப் படத்துக்கு ஒளிப்பதிவு, கலை இயக்கம், உடை வடிவமைப்பு என்று மூன்று ஒஸ்கார். அதே கதையை 2011இல் மைக்கல் வின்டர்பொட்டம் ராஜஸ்தானுக்குக் கொண்டுபோய் 'த்ரிஷ்ணா' என்று எடுத்தார். முழுக்க வெற்றி என்று சொல்லமாட்டோம், ஆனால் கதை அங்கேயும் உயிரோடுதான் நிற்கிறது. ஹோட்டல் முதலாளியின் மகனும் வேலைக்கு வந்த பெண்ணும் இருந்தால் போதும். ஹார்டியின் டோர்செற் என்பது மலையும் பசும்புல்லும் இல்லை, நிலம் ஆரிட்ட இருக்கு, ஆர் ஆருக்குக் கைகட்டி நிற்கினம் என்பதுதான். அதை விட்டுவிட்டு "ஹார்டி நாடு" என்று பஸ்ஸில் ஏற்றிக் காட்டுவதில் என்ன இருக்கிறது?

இப்ப உண்மையான விசயத்துக்கு.

டோர்செற்றின் கரையோரம் டைன்ஹம் என்று ஒரு கிராமம். அருகில் லல்வேர்த்தில் முதலாம் உலகப் போர்க் காலத்திலிருந்தே இராணுவத்தின் டாங்கிச் சுடுபயிற்சித் தளம் இருந்தது. இரண்டாம் உலகப் போரில் நோர்மண்டிக்குத் தயாராகிற நேரம் அந்தத் தளத்துக்கு இடம் போதவில்லை. 1943 நவம்பரில் டைன்ஹமிலும் சுற்றியிருந்த வீடுகளிலும் இருந்த ஏறத்தாழ 225 பேருக்கு அறிவித்தல் வந்தது. டிசம்பர் 19க்குள் வெளியேற வேண்டும், நத்தாருக்கு ஒரு கிழமை முந்தி. பெரும்பாலானவர்கள் நிலவுடைமைக் குடும்பம் ஒன்றின் வாடகைக் குடியிருப்பாளர்கள். வீடும் காணியும் அவர்களுடையதில்லை. அதனால் அவர்களுக்குக் கிடைத்த நட்டஈடு தோட்டத்தில் நின்ற மரக்கறிகளின் பெறுமதி மட்டும்தான். போகும்போது தேவாலயக் கதவில் ஒரு துண்டுக் கடிதத்தைக் குத்திவிட்டுப் போனார்கள். வீடுகளையும் கோயிலையும் கவனமாகப் பாருங்கள், நாங்கள் ஒருநாள் திரும்பி வருவோம் என்பதுதான் அதன் சாரம்.

திரும்பி வரவில்லை. போர் முடிந்தது, இராணுவம் போகவில்லை. 1948இல் அரசு நிலத்தைக் கட்டாயமாக வாங்கிக்கொண்டது. எலிசபெத் காலத்துப் பெரிய மாளிகையின் பெரும்பகுதியை 1960களில் இடித்தார்கள். மற்ற வீடுகளின் கூரைகள் தானாக விழுந்தன.

இதைப் படித்தபோது எங்களில் ஒருவரும் கொஞ்ச நேரம் கதைக்கவில்லை. ஏனென்று இந்தப் பக்கத்தை வாசிக்கிறவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

ஆனாலும் டைன்ஹமைச் சொர்க்கமாக்கவும் நாங்கள் தயாரில்லை. பிள்ளைகள் குறைந்து போனதால் அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தை 1932இலேயே மூடிவிட்டார்கள். வறுமையும் வேலையின்மையும் இராணுவத்துக்கு முதலே வந்து ஆட்களை ஒவ்வொருவராகக் கூட்டிக்கொண்டு போகத் தொடங்கியிருந்தன. கிராமம் எப்படியும் சுருங்கியிருக்கும். ஆனால் சுருங்குவது வேறு, ஒரே மாதத்தில் கதவைப் பூட்டச் சொல்வது வேறு.

1980களின் நடுவில் அந்த வெறும் ஊருக்குக் கமரா வந்தது. பில் டக்ளஸ் என்ற ஸ்கொட்லாந்து இயக்குநர் 'கொம்ரேட்ஸ்' படத்தை எடுக்க வந்தார். 1986இல் வெளிவந்த அந்தப் படம் டோல்பட்டில் தியாகிகளைப் பற்றியது. டோல்பட்டிலும் டோர்செற்றில்தான். அங்கே கிழமைக் கூலி ஒன்பது ஷில்லிங்கில் இருந்து ஏழாகக் குறைந்து, ஆறாகப் போகப்போகிறது என்ற நிலையில், ஆறு விவசாயக் கூலிகள் சங்கம் ஒன்றில் இரகசியச் சத்தியம் செய்துகொண்டார்கள். சங்கம் வைப்பது குற்றமில்லை என்பதால் சத்தியம் செய்ததைக் குற்றமாக்கி, 1834இல் ஏழு வருடம் அவுஸ்திரேலியாவுக்கு நாடுகடத்தினார்கள். நாடு முழுக்க எழுந்த எதிர்ப்பால் 1836இல் மன்னிப்புக் கிடைத்தது. தொழிற்சங்க வரலாற்றில் பெரிய பெயர் அது. இன்றைக்கும் ஒவ்வொரு ஜூலையும் டோல்பட்டிலில் தொழிற்சங்க விழா நடக்கிறது.

படம் மூன்று மணித்தியாலம். கூலிகளாக நடித்தவர்கள் அந்த நேரம் பெரும்பாலும் பெயர் தெரியாதவர்கள், பணக்காரப் பாத்திரங்களில் வெனெஸா ரெட்கிரேவ், ஜேம்ஸ் ஃபொக்ஸ் போன்ற நட்சத்திரங்கள். அந்தத் தெரிவிலேயே ஒரு அரசியல் இருக்கிறது. படம் வசூலில் படுத்தது. டக்ளஸ் 1991இல் இறந்தார், இதற்குப் பிறகு படமே எடுக்கவில்லை. எங்களுக்கு மிகப் பிடித்த படங்களில் இது ஒன்று என்பதைச் சொல்லிவிட்டுத்தான் மிச்சத்தைச் சொல்ல வேண்டும்.

டோல்பட்டிலின் கதையை டோல்பட்டிலில் எடுக்க ஏலாது. அது ஆட்கள் வாழுகிற ஊர், கார் ஓடுகிற ஊர். ஆகவே 1834ஆம் ஆண்டின் கிராமமாக டைன்ஹம் நடித்தது. யோசித்துப் பாருங்கோ. காணியில்லாத கூலிகள் உரிமை கேட்டதைச் சொல்லுகிற படம். அதை எடுத்த இடமோ, காணியில்லாததால் மரக்கறிக் காசோடு வெளியேற்றப்பட்ட கூலிகளின் வாசல். இரண்டுக்கும் நடுவில் நூறு வருசத்துக்கும் கொஞ்சம் கூட. படத்துக்குள் இருக்கிற அநியாயத்துக்குப் பின்னணியாக நிற்பது அதே கவுண்டியின், அதே வர்க்கத்தின் இன்னொரு அநியாயம். ஆனால் திரையில் அது வெறும் கற்சுவர்.

எங்கட செட்டில் ஒரு நண்பன் விட்டுக்கொடுக்கவில்லை. "படம் எடுக்காட்டி டைன்ஹம் எண்ட பேரே உங்களுக்குத் தெரிஞ்சிருக்காதே" என்றான். அது சரிதான். வெஸ்ட் பேயில் தேநீர்க்கடை வைத்திருக்கிறவர்களிடம் போய் லொக்கேஷன் மோகம் கூடாதென்று பாடம் எடுக்கவும் எங்களால் முடியாது. நாங்கள் படம் எடுக்க வேண்டாமென்று சொல்லவில்லை. "அழகான, மாறாத கிராமம்" என்று எழுதுகிறவர்கள் அடுத்த வரியில் ஏன் மாறவில்லை என்றும் எழுதட்டும் என்கிறோம். கரையோர ஊர்களில் அங்கேயே பிறந்த இளம் ஆக்களுக்கு வீடு வாங்கக் கட்டுப்படியாகாமல் போனதையும், வாங்கினவர்கள் விடுமுறைக்கு மட்டும் வந்து போவதையும் சேர்த்து எழுதட்டும். இருட்டின யன்னல்களும் கமராவுக்கு வசதிதானே.

இதைச் சொல்ல எங்களுக்கு என்ன தகுதி என்று கேட்டால், பெரிசா இல்லை. போன வருசம் நாங்களும் ஒரு குறும்படம் எடுத்தோம். காதல் தோல்விக் கதை, இப்ப நினைக்க வெட்கமாயிருக்கு. வலிகாமம் வடக்கில், 1990இல் சனம் இடம்பெயர்ந்து பிறகு விடுவிக்கப்பட்ட காணிகளில் ஒன்றில், கூரையில்லாத வீடு. சுவரைப் பிளந்துகொண்டு ஆலமரம். "சோக்கான லொக்கேஷன்" என்று குதித்தோம். பக்கத்துக் காணியைத் துப்புரவாக்கிக்கொண்டிருந்த அம்மா ஒருவர் நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுக் கேட்டார்: "பிள்ளையள், இது ஆரின்ட வீடெண்டு கேட்டனீங்களே?" நாங்கள் கேட்கவில்லை. அவர் சொன்னார். அந்தக் குடும்பம் இப்ப எங்கே இருக்கிறது, அந்த அறையில் ஆர் படுத்தது, கிணத்தடியில் நின்ற மாமரம் எந்த இனம் எல்லாம் சொன்னார். எங்கட ஹீரோ அழுத மூலை அந்த வீட்டின் சாமியறை. படத்தின் முடிவில் நன்றி சொன்ன இடத்தில் ஊர்ப் பெயரை மட்டும் போட்டோம். அது எங்கட பிழைதான்.

டைன்ஹமுக்கு இப்பவும் போகலாம். சுடுபயிற்சி இல்லாத நாட்களில், பெரும்பாலும் வார இறுதிகளிலும் விடுமுறைகளிலும், இராணுவம் கேற்றைத் திறந்துவிடும். குறித்த பாதையை விட்டு விலகக் கூடாது, வெடிக்காத குண்டுகள் கிடக்கும். பள்ளிக்கூடத்தைப் பழையபடி திருத்தி வைத்திருக்கிறார்கள். உள்ளே கோட் கொழுவுகிற கொளுக்கிகளுக்கு மேலே பிள்ளைகளின் பெயர்கள் எழுதியிருக்கின்றன.

வாற வெள்ளிக்கிழமை பின்னேரம் 'கொம்ரேட்ஸ்' படத்தைப் போட இருக்கிறோம். மூன்று மணித்தியாலம் எண்டு பயப்பட வேண்டாம், இடையில் பிளேன்ரீ கிடைக்கும். சுவர்களையும் பாருங்கோ. போனில் தேடுறதை முடிஞ்சாப் பிறகு வைச்சுக்கொள்ளுவம்.