உங்கள் கடைக்கு வலைப்பூ வேண்டுமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய கடைக்காரர்கள் பலர், “வலைப்பூ தொடங்கினால் வியாபாரம் பெருகுமா?” என்று கேட்கிறார்கள். பெருகும். ஆனால் அதில் விளம்பரமாகவே எழுதினால் பெருகாது.

நம் ஜி.எஸ்.டி. ரோட்டிலேயே உதாரணம் இருக்கிறது. கூடுவாஞ்சேரி அருகே உள்ள ஸோஹோ, 1996-ல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கியது. நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு கம்பெனியின் வலைப்பூவில் தாமே எழுதினார். சாஃப்ட்வேரைப் பற்றி மட்டுமல்ல, கல்லூரிப் பட்டம் இல்லாதவர்களையும் ஏன் வேலைக்கு எடுக்கிறோம் என்பதைப் பற்றியும். முகம் தெரியாத வாடிக்கையாளருக்கு நம்பிக்கை வருவது இப்படித்தான்.

“அது பெரிய கம்பெனி, நமக்கெதற்கு?” என்கிறீர்களா? 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. நனைந்த வாஷிங் மெஷினுக்கு உடனே ஸ்விட்ச் போடலாமா? இன்வெர்ட்டர் பேட்டரியை என்ன செய்வது? அங்குள்ள சர்வீஸ் கடைக்காரர் இதை மழைக்கு முன்பே தமிழில் எழுதி வைத்தால், கூகுளில் தேடுகிறவர் அவருக்கே போன் செய்ய வாய்ப்பு அதிகம். ‘தாம்பரத்தில் நம்பர் ஒன்’ என்று யாரும் தேடுவதில்லை!

டீக்கடைக்கும் காய்கறிக் கடைக்கும் இது தேவையில்லை. கூகுள் மேப்பில் கடையின் பெயரும் நேரமும் சரியாக இருந்தால் போதும்.

கூகுளின் பிளாக்கர் சேவை இலவசம். ஜிமெயில் கணக்கு இருந்தால் நீங்களே தொடங்கலாம். தொடங்கித் தருவதற்கு ஐயாயிரம் ரூபாய் கேட்பவரிடம் ஏமாறாதீர்கள். எழுதுவதை உங்கள் ஹார்டு டிஸ்க்கிலும் சேமித்து வையுங்கள். இலவசமாகப் பக்கங்கள் அமைக்க இடம் தந்த ஜியோசிட்டீஸை யாஹூ 2009-ல் அமெரிக்காவில் மூடிவிட்டது.