நேற்று வைத்த மீன் குழம்பு

மீன் குழம்பை வைத்த அன்றைக்கே சாப்பிடுகிறவர்கள் ருசி தெரியாதவர்கள் என்பது என் அத்தையின் கட்சி. ஞாயிற்றுக்கிழமை மண்சட்டியில் வைத்த வஞ்சிர மீன் குழம்பு, இரவெல்லாம் அடுப்பு மேடையிலேயே ஊறி, திங்கட்கிழமை காலையில் இட்லிக்குத் துணையாக வரும்போதுதான் அதற்குக் குழம்பு என்று பெயராம். உங்கள் வீட்டிலும் இப்படிச் சொல்கிறவர் ஒருவர் இருப்பார்.

இந்த வாரம் அந்தக் குழம்பைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். அதோடு, ஐம்பதை நெருங்கும் வயதில் பெண்களுக்கு மாதவிலக்கு நிற்கிற சமயத்தைப் பற்றியும். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? அத்தை வீட்டுக்குப் போய் வருகிறவரையில் எனக்கும் தெரியாது.

அத்தைக்கு 49 வயது. பாங்கில் காசாளர் உத்தியோகம். சென்ற தீபாவளிக்குப் போனபோது ஆள் பாதியாக இருந்தாள். ஆறு கிலோ இறங்கிவிட்டாளாம். இலையில் வெறும் சோறும் சுரைக்காய்க் கூட்டும். எங்களுக்குப் பரிமாறிய மீனை அவள் ஏறிட்டும் பார்க்கவில்லை.

"என்ன அத்தை, விரதமா?" என்றேன்.

"விரதமும் இல்லை, ஒண்ணும் இல்லை. எதைத் தின்னாலும் உடம்பு பூரா அரிக்குது. நீதான் பத்திரிகையில எழுதுறவளாச்சே, இதுக்கு என்ன பேருன்னு சொல்லு பார்ப்போம்" என்றாள்.

பிறகு, பாத்திரம் கழுவும்போது, மெல்லக் கதையைச் சொன்னாள். ஒரு வருஷமாகவே மாதவிலக்கு ஒழுங்கில்லை. திடீரென்று நெஞ்சிலிருந்து முகம் வரை அனல் ஏறும், வியர்த்துக் கொட்டும், பிறகு குளிரும். இரவில் ஏழெட்டுத் தடவை விழிப்பு. ஒரு டாக்டர் ஹார்மோன் மாத்திரை கொடுத்தார். அனல் குறைந்தது. ஆனால் மூன்றாவது வாரத்தில் மண்டையைப் பிளக்கும் தலைவலி, மூக்கடைப்பு, கழுத்திலும் கையிலும் தடிப்புத் தடிப்பாக அரிப்பு. பயந்துபோய் மாத்திரையைத் தானே நிறுத்திவிட்டாள். அப்புறம் யாரோ சொன்னார்கள் என்று தக்காளியை நிறுத்தினாள்; இன்னொருவர் சொன்னதற்குத் தயிரை; மூன்றாமவர் சொன்னதற்குப் பருப்பை. "வயசானா அப்படித்தான்" என்று மாமா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

"அது போகட்டும். கூட்டம் நிற்கிறப்போ முகம் செவந்துபோய் அரிக்குது பாரு, எல்லாரும் என்னையே பார்க்குறாங்க. நோட்டு எண்ணுற கை தடுமாறுது. போன மாசம் ஐயாயிரம் ரூபாய் கூடக் கொடுத்துட்டேன். கைக்காசைப் போட்டுக் கட்டினேன்" என்று சொல்லி, மேஜை அறையைத் திறந்து ஒரு காகிதத்தைக் காட்டினாள். விருப்ப ஓய்வுக்கு எழுதி வைத்திருந்த மனு! இருபத்தாறு வருஷ உத்தியோகம், ஓர் அரிப்புக்காகப் போக இருந்தது.

மறுநாளே அவளைப் பெண்கள் நலம் பார்க்கும் ஒரு டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனேன். அவர் முதலில் கேட்டது அரிப்பைப் பற்றி அல்ல. உதிரப்போக்கு எப்படி, ரத்த அழுத்தம் எப்படி, குடும்பத்தில் யாருக்காவது மார்பகப் புற்றுநோய் உண்டா என்று விசாரித்தார். தைராய்டுக்கும் ரத்த சோகைக்கும் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். எல்லாம் சரியாக இருந்த பிறகுதான் ஹிஸ்டமின் என்ற பெயரை எடுத்தார்.

"நீங்க பாங்குக்காரங்க. வரவு செலவுன்னு சொன்னா உடனே புரியும்" என்று ஆரம்பித்தார்.

ஹிஸ்டமின் ஒன்றும் விஷமல்ல. நம் உடம்பே தயாரிக்கிற சரக்கு. வயிற்றில் அமிலம் சுரப்பதற்கும், மூளை விழித்திருப்பதற்கும், கிருமி வந்தால் எச்சரிப்பதற்கும் அது வேண்டும். 1910-ஆம் வருஷத்திலேயே ஹென்றி டேல் என்ற ஆங்கில விஞ்ஞானி அதன் செய்கைகளை ஆராய்ந்து எழுதினார். அதை அடக்கும் மருந்துகளுக்கு வழி கண்ட டானியல் போவே 1957-இல் நோபல் பரிசே வாங்கினார். மூக்கொழுகலுக்கும் அரிப்புக்கும் நாம் விழுங்கும் மாத்திரைகள் அந்த வம்சந்தான்.

இந்தச் சரக்குக்கு வரவு இரண்டு வழி. ஒன்று, உடம்பிலுள்ள 'மாஸ்ட்' அணுக்கள் வெளியிடுவது. இரண்டு, சாப்பாட்டோடு வருவது. செலவுக்கு முக்கியமான வழி, சிறுகுடலில் இருக்கும் டி.ஏ.ஓ. என்கிற என்ஸைம். சாப்பாட்டில் வருகிற ஹிஸ்டமினை அது அங்கேயே சிதைத்துவிடுகிறது. சிலருக்கு இந்தச் செலவு மந்தம். வரவு மிஞ்சினால் அரிப்பு, தடிப்பு, தலைவலி, மூக்கடைப்பு, வயிற்றுப் பொருமல், படபடப்பு எல்லாம் வரிசையாக வரும். இதைத்தான் ஹிஸ்டமின் ஒவ்வாமை என்கிறார்கள்.

இதில் ஹார்மோன் எங்கே வந்தது? மாஸ்ட் அணுக்களின் மேல் ஈஸ்ட்ரோஜன் வந்து ஒட்டுவதற்கு இடம் இருக்கிறது. ஈஸ்ட்ரோஜன் அவற்றைத் தூண்டி ஹிஸ்டமினை வெளிவிடச் செய்யும் என்று ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டுகின்றன. மாதவிலக்கு நிற்பதற்கு முந்திய வருஷங்களில் ஈஸ்ட்ரோஜன் ஒரேயடியாகக் குறைவதில்லை. ஒரு வாரம் மலை, ஒரு வாரம் மடு என்று ஏறி இறங்குகிறது. அதற்கு மேல் மாத்திரையும் சேர்ந்தால், சிலருக்கு வரவு இன்னும் கூடலாம். எல்லாருக்கும் இப்படி ஆகும் என்று யாரும் நிரூபித்துவிடவில்லை. ஆகவே மாத்திரை மேல் மட்டும் பழி போட வேண்டாம் என்றார் டாக்டரம்மா.

இன்னொரு வேடிக்கையும் சொன்னார். கர்ப்ப காலத்தில் நஞ்சுக்கொடி இந்த டி.ஏ.ஓ.வை ஏராளமாகச் சுரக்கிறது. ரத்தத்தில் அது பல நூறு மடங்கு கூடுமாம். அத்தை உடனே, "அதான் பெரியவன் வயித்துல இருந்தப்போ கருவாடா தின்னு தீர்த்தேன், ஒண்ணுமே செய்யலை!" என்றாள். டாக்டரம்மா சிரித்துவிட்டார்.

இப்போது குழம்புக்கு வருவோம். வஞ்சிரம், காணாங்கெளுத்தி, சூரை, மத்தி போன்ற கடல் மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்ற சத்து மிகுதி. மீன் ஐஸில்லாமல் வெப்பத்தில் கிடந்தால் நுண்கிருமிகள் அதை ஹிஸ்டமினாக மாற்றுகின்றன. ஒரு தடவை உண்டாகிவிட்டால் கொதிக்க வைத்தாலும் போகாது, பொரித்தாலும் போகாது. நாள்பட்ட மீன், கருவாடு, டின்னில் அடைத்த மீன், நாள்பட்ட பாலாடைக்கட்டி, சோயா சாஸ், ஊறிய ஊறுகாய் இவற்றில் எல்லாம் ஹிஸ்டமின் அதிகம். காய்களில் தக்காளி, கத்தரிக்காய், பசலைக்கீரை மூன்றும் இந்த ஜாதி.

"அப்போ இதையெல்லாம் ஆயுசுக்கும் விட்டுடணுமா?" என்றாள் அத்தை.

"யார் சொன்னது? நீங்க விட வேண்டியது ஒரு மாசத்துக்கு. எழுத வேண்டியதுதான் முக்கியம்" என்றார் டாக்டரம்மா.

இந்தக் கோளாறை அறுதியிட்டுச் சொல்லும் ரத்தப் பரிசோதனை எதுவும் இல்லை. டி.ஏ.ஓ. அளவைப் பார்த்து மட்டும் முடிவு கட்ட முடியாது. நம்பத்தக்க பரிசோதனை ஒரு நோட்டுப் புத்தகந்தான். இரண்டு முதல் நான்கு வாரம், ஹிஸ்டமின் மிகுந்த பண்டங்களை நிறுத்திப் பார்க்க வேண்டும். குணம் தெரிந்தால் ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்க்க வேண்டும். ஒரு சமயத்தில் ஒன்றுதான். சாப்பிட்டது என்ன, எத்தனை மணிக்கு, என்ன மருந்து, அனல் எப்போது, அரிப்பு எப்போது, மாதவிலக்கு எந்தத் தேதி என்று எல்லாம் எழுத வேண்டும். குணமே தெரியவில்லை என்றால், சாப்பாட்டைத் தண்டிப்பதை நிறுத்திவிட்டு வேறு காரணத்தைத் தேட வேண்டும்.

ஹார்மோனையும் டாக்டரம்மா கைவிடவில்லை. மாத்திரைக்குப் பதில் கையில் தடவும் ஈஸ்ட்ரோஜன் ஜெல், குறைந்த அளவில். கர்ப்பப்பை இருக்கிறபடியால் அதைப் பாதுகாக்க இரவில் புரொஜெஸ்டிரோன். கர்ப்பப்பை உள்ளவர்கள் ஈஸ்ட்ரோஜனை மட்டும் தனியே எடுத்தால் அதன் உட்சுவரில் புற்றுநோய் அபாயம் கூடும். தோல் வழியாகச் செல்லும் ஈஸ்ட்ரோஜனில், மாத்திரையைவிட ரத்தம் உறையும் ஆபத்தும் குறைவு.

"ஹார்மோனா? புற்றுநோய் வருமாமே!" என்று உங்களில் பலர் நினைப்பது எனக்குத் தெரிகிறது. 2002-இல் அமெரிக்காவில் 16,000-க்கு மேற்பட்ட பெண்களிடம் நடந்த சோதனையைப் பாதியில் நிறுத்தியதிலிருந்து வந்த பயம் அது. அந்தப் பெண்களின் சராசரி வயது 63 என்பது பலருக்குத் தெரியாது. அறுபது வயதுக்குள், அல்லது மாதவிலக்கு நின்ற பத்து வருஷத்துக்குள், அவஸ்தை அதிகமுள்ள ஆரோக்கியமான பெண்களுக்கு நன்மையே பொதுவாக மிகுதி என்பது பிற்பாடு வந்த முடிவு. மார்பகப் புற்றுநோய், ரத்தக் கட்டி, பக்கவாதம், ஈரல் நோய் இவை வந்தவர்களின் சங்கதி வேறு; அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

அத்தையின் நோட்டுப் புத்தகத்தைப் பொங்கலுக்குப் போனபோது பார்த்தேன். பாங்குக் கணக்கைப் போலக் கோடு கிழித்து எழுதியிருந்தாள். இரவில் வந்த அனலுக்கும் சாப்பாட்டுக்கும் சம்பந்தமே இல்லை. அது முழுக்க ஹார்மோன் கணக்கு. ஜெல் தடவிய ஆறாவது வாரத்தில், இரவுக்கு ஏழெட்டு என்பது ஒன்றிரண்டாகிவிட்டது. அரிப்பும் மூக்கடைப்பும் வேறு கணக்கு. யோசித்துப் பார்த்ததில், மாத்திரை ஆரம்பிப்பதற்கு முன்பே திங்கட்கிழமைகளில் மூக்கடைத்தது அத்தைக்கு நினைவு வந்தது. திங்கட்கிழமை என்றால் பழைய மீன் குழம்பு!

பருப்பு உடனே திரும்பி வந்தது; அதன்மேல் குற்றமே இல்லை. தயிர் வந்தது. தக்காளி அளவோடு வந்தது. அன்று வாங்கி அன்றே சமைத்த மீனும் ஒத்துக்கொண்டது. நேற்றைய குழம்பும் கருவாடும் மட்டும் வாசலோடு நின்றுவிட்டன. மாமாதான் இப்போது காலையில் ஐஸ் போட்ட பெட்டியோடு மீன் வாங்கப் போகிறார்.

நீங்களும் சுரைக்காய்க் கூட்டில் போய் நின்றுவிடாதீர்கள். மாதவிலக்கு நின்ற முதல் சில வருஷங்களில்தான் எலும்பு வேகமாகத் தேய்கிறது. அந்தச் சமயத்தில் தயிரையும் மீனையும் பருப்பையும் காரணமில்லாமல் விலக்குவது, வீடு ஒழுகும்போது ஓட்டைப் பிரிப்பதைப் போல. பாலும் கேழ்வரகும் இந்தக் கோளாறுக்குப் பொதுவாகப் பகையல்ல. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது.

சில சமயங்களில் நோட்டுப் புத்தகத்தை மூடிவிட்டு உடனே கிளம்ப வேண்டும். உதடோ நாக்கோ வீங்கினால், மூச்சுத் திணறினால், மயக்கம் வந்தால் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். மாதவிலக்கு நின்று ஒரு வருஷம் ஆன பிறகு ஒரு சொட்டு உதிரம் கண்டாலும் டாக்டரைப் பாருங்கள். ஹார்மோன் பட்டையை ஒட்டிய இடத்தில் மட்டும் சதுரமாக அரித்தால், குற்றம் பசையிலும் இருக்கலாம், அதையும் சொல்லுங்கள். எந்த மருந்தையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். தினமும் அரிப்பு மாத்திரை விழுங்குவதையும் நீங்களாக ஆரம்பிக்காதீர்கள்.

அந்த ஓய்வு மனு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். "கிழிச்சுப் போட்டீங்களா அத்தை?" என்றேன். "எதுக்கு? அதுக்கு வேளை வர்றப்போ கொடுத்துக்கலாம். அதை எழுத வைக்க வேண்டியது நான், இந்த அரிப்பு இல்லை" என்று சொல்லி, நோட்டுப் புத்தகத்தை அதன்மேல் வைத்து மேஜை அறையை மூடினாள்.

இன்றைக்கே நாலணாக் கணக்கு எழுதுகிற ஒரு நோட்டுப் புத்தகம் உங்கள் வீட்டில் இருக்கும். பின்பக்கத்திலிருந்து திருப்பி, உங்களுக்கென்று ஒரு பக்கம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.